போத்தலைத் திறக்காதே என்று தந்தி அடித்த காரணம்

வெல்லாவெளி,
14-3-1943, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் பரிமளத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. பிள்ளையார் துணையால் நானும் அம்மாவும் தேகசுகத்தோடு இருக்கிறோம். நீயும் மருமகனும் சுகம் என்பதை வியாழக்கிழமை மாலை வந்த தந்தியால் அறிந்தோம். “போத்தல் திறக்கவில்லை, இருவரும் சுகம்” என்ற அந்த ஒரு வரியை வாசித்துக் காட்டிய பிறகுதான் அம்மா சோற்றில் கை வைத்தார். என் தந்தியைக் கண்டு நீ பயந்துபோயிருப்பாய். காரணம் எழுதத் தந்தியில் இடமில்லை, எழுதக் கையும் வரவில்லை. இப்போது முழுவதும் எழுதுகிறேன். அதற்கு முன் நீ செய்ய வேண்டியது, ரயில் கார்டிடம் நான் கொடுத்தனுப்பிய மூன்று போத்தல்களையும் திறக்காமலே ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிடு. நாய் கிளறாத இடமாக இருக்கட்டும், கோழிக்குக்கூடக் கொட்டாதே. தை மாதம் நான் எழுதிய கடிதத்தில் சொன்ன முறையையும் மறந்துவிட்டு அந்தக் கடிதத்தை அடுப்பில் போடு.

நானு ஓயாவில் உங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் தோட்டத்தில் போஞ்சியும் கரட்டும் ஒரேயடியாகக் காய்த்து வீணாகிறது, வைத்துச் சாப்பிட வழி சொல்லுங்கள் என்று நீ கேட்டிருந்தாய் அல்லவா. பட்டினத்துக் கண்காட்சியில் வாங்கிய ஆங்கிலத் துண்டுப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பார்த்து நம் வளவுப் பயிற்றங்காயை நறுக்கி, பதினொரு போத்தல்களில் உப்புத் தண்ணீரோடு அடைத்து, பெரிய சருவத்தில் அரை மணிநேரம் அவித்து மூடியிறுக்கி வைத்தேன். அம்மா அன்றைக்கே, உப்பும் புளிப்பும் ஏறாத மரக்கறி போத்தலுக்க நிக்காது, உங்கட புத்தகத்த ஒருக்கா வடிவாப் பாருங்க என்றார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவனுக்குப் புத்தகம் வாசிக்கச் சொல்லித்தருகிறாயா என்று சிரித்தேன். புளிப்பில்லாத காய்களுக்கு இறுக்க மூடிய ஆவிச் சட்டி இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம் என்று கடைசிப் பக்கத்தில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் புரட்டவில்லை. மாசியில் ஒரு போத்தலைத் திறந்து அம்மா பாலில் கொதிக்கவிட்டுக் கறியாக்கினார், ருசியாக இருந்தது, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் துணிந்து உனக்கு மூன்றும் பக்கத்து வளவு இராசதுரைக்கு ஒன்றும் கொடுத்தேன். வயல் வட்டையிலிருந்து நம் நெல்லைத் தன் வண்டியில் ஏற்றித் தந்த மனிதர், வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.

போன ஞாயிறு மத்தியானம் அவர் அதைத் திறந்து, அடுப்பில் வைக்காமலே தேங்காய்ப்பூவும் மிளகாயும் போட்டுப் பிசைந்து, அநேகமாக முழுவதையும் தானே சாப்பிட்டிருக்கிறார். அவர் மனைவி பத்தினிப்பிள்ளை அன்று விரதம். பிள்ளைகள் பயிற்றங்காய் என்றால் தொடமாட்டார்கள். கடைசியில் இராசதுரையும் பிள்ளைகளும் தயிரும் சோறும் சாப்பிட்டார்கள். திங்கள் பின்னேரம் இராசதுரைக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தது. செவ்வாய் விடியக் கண்ணிமை இரண்டும் தொங்கிவிட்டன, தண்ணீர் விழுங்க முடியவில்லை, பேச்சுக் குழறியது. நாங்கள் ஓடிப்போய் நிற்கும்போது தயிர்க்கார வல்லிபுரம் தயிர்ச்சட்டிகள் தொங்கும் காத்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு வழக்கம்போல வந்தார். பத்தினிப்பிள்ளை பாய்ந்து போய், உன்ட நஞ்சுத் தயிரத் திண்டுதான் என்ட மனிசன் இப்பிடிக் கிடக்கிறார் என்று கத்திக்கொண்டு சட்டிகளைப் பிடித்து நிலத்தில் அடித்தார். அங்கே நின்றவர்களும் சேர்ந்து ஏசினார்கள். வல்லிபுரம் உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

பரிமளம், அதே தயிரைத்தான் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள், அவர்கள் முற்றத்தில் ஓடித் திரிந்தார்கள். அதை அந்த இடத்திலேயே நான் யோசித்தேன். அடுக்களையில் என் போத்தல் வெறுமையாகக் கிடந்ததையும் கண்டேன். யோசித்தும் கண்டும் வாய் திறக்கவில்லை. வண்டியில் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோகும்போதும், தோணியில் வாவியைக் கடக்கும்போதும் அவர் தலை என் மடியில்தான் இருந்தது, அப்போதும் சொல்லவில்லை. பட்டினத்து ஆசுபத்திரியில் டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, டின்னிலோ போத்தலிலோ அடைத்து வைத்தது ஏதும் சாப்பிட்டாரா என்று கேட்டார். இல்ல ஐயா, தயிர்தான் என்றார் பத்தினிப்பிள்ளை. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. நான்தான் பயிற்றங்காய் போத்தலில் அடைத்துக் கொடுத்தேன் என்று சொன்னேன். என்னகா மாஸ்டர் சொல்றீங்க என்று பத்தினிப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மணமும் நிறமும் மாறாமலே நஞ்சு ஊறியிருக்கும், உங்கள் வீட்டில் நன்றாகக் கொதிக்கவிட்டதுதான் உங்களைக் காப்பாற்றியது என்று டாக்டர் விளங்கப்படுத்தினார். அங்கிருந்து நேரே தபால் கந்தோருக்கு ஓடித்தான் உனக்குத் தந்தி அடித்தேன். அந்தக் காலைப்பொழுது முழுவதும் நான் வாய்மூடி இருந்த நேரத்தில் நீ ஒரு போத்தலைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

புதன் காலை வல்லிபுரம் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சட்டி போனாப் போகட்டும் மாஸ்டர், இனி என்ட தயிர ஆரு வாங்குவாங்க, என்னட்டச் சொன்னாக் காணாது, வாங்கிற சனத்திட்டச் சொல்லுங்க என்றார். அது நியாயம். அன்றும் அடுத்த இரண்டு நாளும் அவர் காத்தடியோடு முன்னே போக, நான் பின்னே போய், ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று, பிழை என் போத்தலில்தான், தயிரில் இல்லை என்று சொன்னேன். என்னிடம் படித்தவர்கள் பாதிப்பேர் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதல் நாள் இரண்டு வீட்டில்தான் வாங்கினார்கள், வெள்ளிக்கிழமை சட்டி ஒன்றும் மிஞ்சவில்லை. வீட்டில் மிச்சமிருந்த போத்தல்களை அம்மா முன்னிலையில் புதைத்தேன். அம்மாதான் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.

இராசதுரைக்கு இப்போது குணம். மூச்சு முட்டாததுதான் பெரிய அதிர்ஷ்டம் என்கிறார் டாக்டர். நேற்றுப் போய்ப் பார்த்தேன், கஞ்சி விழுங்குகிறார். அண்டைக்கு என்ட கண்ணுக்கு ரெண்டு மாஸ்டர் நிண்டாங்க, இண்டைக்கு ஒராள்தான் தெரியிறார் என்று குழறிக் குழறிச் சொல்லிச் சிரித்தார். இன்னும் ஒரு மாதமாவது வண்டி ஓட்ட முடியாதாம், அதுவரை அவர் மாடுகளை நான்தான் பார்க்கிறேன். பத்தினிப்பிள்ளை என்னோடு கதைப்பதில்லை. அவரிடம் நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

உன் தோட்டத்துக் காய்க்கு அம்மா சொல்லி நான் எழுதும் முறை இது, இதை நம்பலாம். போஞ்சியையும் கரட்டையும் விரல் நீளத்துக்கு நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் ஒரு தரம் போட்டெடுத்து, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்து. நல்ல வினாகிரியில் தண்ணீர் கலக்காமல் உப்பு, அரைத்த கடுகு, இஞ்சி, உள்ளிப்பூண்டு போட்டுக் கொதிக்கவிட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் காய்களோடு சேர்த்து அச்சாறாகப் போடு. பித்தளைச் சட்டி ஆகாது, மண்சட்டிதான். போத்தலை அவித்து நன்றாகக் காயவைத்த பிறகுதான் நிரப்ப வேண்டும், காய்க்கு மேலே இரண்டு விரல் வினாகிரி நிற்க வேண்டும். ஈரக் கரண்டி போடாதே. ஒரு கிழமை கழித்து எடுக்கலாம், இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடு, முதல் தரம் இரண்டு போத்தலுக்கு மேல் போடாதே. உங்கள் பனிக்குள் வற்றல் காயாது என்பதால் அதைப் பார்க்க வேண்டாம். கத்தரி, பாகல் வற்றல் அம்மா இங்கிருந்து அனுப்புவார். மருமகனுக்குக் குளிருக்குக் கம்பளிச் சட்டை போடச் சொல், அவருடைய இருமல் எப்படி என்று எழுது. அரிசிக் கூப்பனைப் பத்திரமாக வை.

இருவரும் நோய்நொடி இல்லாமல், பதினாறும் பெற்று நீடூழி வாழ மாமாங்கப் பிள்ளையாரை வேண்டி ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மறந்துவிடாதே. ஸ்டேஷன் மாஸ்டர் மனைவிக்கும் அடுத்த குவாட்டர்ஸ் லயினில் உள்ள இரண்டு பேருக்கும் அப்பாவின் போத்தல் முறையைச் சொல்லிக்கொடுத்தேன் என்று போன மாதம் பெருமையாக எழுதியிருந்தாய். ஆள் அனுப்பாமல் நீயே அவர்கள் வீட்டுக்குப் போ. என் அப்பா பிழையாகச் சொல்லிவிட்டார், அடைத்த போத்தல் இருந்தால் திறக்காமல் புதையுங்கள் என்று சொல்லு. வெட்கமாகத்தான் இருக்கும். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் போ.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
க. வினாயகமூர்த்தி.