வெறும் தண்ணீரில் வந்தவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன். இதை வாசித்துப் பயப்பட வேண்டாம்.

புரதங்களை எடை பார்த்து இன்னது என்று காட்டும் எங்கள் இயந்திரத்துக்குத் திங்கட்கிழமை வெறும் தண்ணீரைக் கொடுத்தேன். ஒன்றும் வரக்கூடாது. ஆனால் ஆட்டு உரோமத்தின் புரதம் வந்தது, மனிதத் தோலின் புரதமும் வந்தது. ஆடு வந்தது அப்பாவின் கம்பளிச் சுவெற்றரிலிருந்து. சாவதற்கு முந்தின வருடம் இங்கே வந்தபோது விட்டுப்போனாரே, குளிருக்கு அதைத்தான் போடுகிறேன். தோல் என்னுடையது என்று நினைத்தேன். கூட வேலை செய்யும் ஜெரோம் அண்ணை திரையைப் பார்த்துவிட்டு, "இதில ரெண்டு பேரின்ர தோல் கிடக்கு. உம்மோட ஆர் நிண்டது?" என்றார்.

நான் தனியாகத்தான் நின்றேன். சுவெற்றரில் அப்பாவின் தோல் ஒட்டியிருந்திருக்கும் என்று சிரித்துச் சமாளித்தேன். நேற்று சுவெற்றரை மில்லிக்கனில் நான் வாடகைக்கு இருக்கும் அறையிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போய், புதுத் தண்ணீர் கொடுத்தேன். ஆடு வரவில்லை. மற்றவர் வந்தார்.

அம்மா, மிளகாய்த்தூள் பிறகு அனுப்பலாம். அப்பாவின் தலையணை உறையைத் தோய்க்காமல் ஒரு பையில் கட்டி அனுப்புங்கள். ஒத்துப்பார்க்க வேண்டும்.

பஸ் வருகிறது, நிறுத்துகிறேன். இயந்திரத்தைக் கழுவச் சொல்லியிருக்கிறார்கள். நான் இன்னும் கழுவவில்லை.

மகள்,
றெஜினா