மூணாவது ஓலைக்கு முன்னாடி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். புதுச் சேலை, முதுகெல்லாம் வேர்வை. சபையில் எங்க கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிச்சாங்க. "முடிச்சூர் டேனியல், செம்பாக்கம் ஜெபா, இவர்கள் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம்"னு ஆயர் சொன்னதும் எல்லார் தலையும் என் பக்கம். இன்னும் ரெண்டு ஞாயிறு, ரெண்டு ஓலை, அப்புறம் கல்யாணம். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு.

சாயந்திரம் டேனியல் போன். ஒரே குஷி. மஸ்கட்ல வேலை கிடைச்சிருச்சாம். "சரின்னு சொல்லிட்டேன் ஜெபா! அக்டோபர்ல ரெண்டு பேரும் கிளம்பறோம். சர்ப்ரைஸ் எப்படி?"

நான்: "ஓ. சூப்பர்."

எதுக்குடி சூப்பர்னு சொன்னே? என் வேலை என்ன ஆகும்? கேக்கவே இல்ல. அவரும் கேக்கல, நானும் கேக்கல.

நாளைக்கு: அம்மா பி.பி. மாத்திரை. ப்ளவுஸ் (டெய்லர் அக்கா மறுபடியும் "நாளைக்கு வா").

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேத்து ராத்திரி மழை. திருமுடிவாக்கம் ரோட்ல தண்ணி, கம்பெனி வேன் லேட். போனதும் கம்ப்ளெயின்ட்: பிராக்கெட்ல ஓட்டை தள்ளி விழுந்திருக்கு. குவாலிட்டி இன்சார்ஜ் ஆனப்புறம் நான் நடத்தற முதல் ஒய்-ஒய் மீட்டிங். ஏன், ஏன்னு அஞ்சு தடவை தோண்டணும். எங்க கம்பெனியில ரெண்டு சட்டம். பதில்ல ஆள் பேர் வரக்கூடாது. "கவனக்குறைவு"ன்னும் எழுதக்கூடாது. எழுதினா கேள்வி நின்னுடும், தப்பு நிக்காது.

டிரில்லிங் குமார் அண்ணன்: "இன்னா மேடம், கல்யாணப் பொண்ணு மூஞ்சி இப்டி கீது? ஓட்டைய போட்டது நானு, நீ ஏன் பேஜாராவுற?"

எல்லாருக்கும் சிரிப்பு. எனக்கும் வந்துச்சு, நல்லவேளை. கடைசியில் பார்த்தா பாகத்தைப் பிடிச்சு நிறுத்தற இரும்பு பின் தேஞ்சு போயிருக்கு. அதைச் செக் பண்ணணும்னு யாரும் யாருக்கும் சொன்னதே இல்ல.

டிப்பன் பாக்ஸை ஆபீஸ்லயே மறந்துட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வேன்ல ஜன்னல் சீட். மஸ்கட்டுக்கே ஒரு ஒய்-ஒய் போட்டுப் பார்த்தேன்.

ஏன் இப்படிக் கொதிக்குது? கேக்காம முடிவு பண்ணிட்டார்.
ஏன் கேக்கல? டேனியலுக்கு சுயநலம்... அடிச்சுட்டேன், ஆள் பேர் கூடாது. நான் சரின்னுதான் சொல்வேன்னு ஒரு நினைப்பு.
ஏன் அந்த நினைப்பு? மண்டபம், சேலைக் கலர், அவங்க வீட்டோட இருக்கறது, எல்லாத்துக்கும் தலையாட்டினவ நான்.
ஏன் ஆட்டினேன்? இந்த இடமும் தட்டிப்போயிடுமோன்னு.
ஏன் பயம்? முப்பத்தொரு வயசு. வீட்டு ஜெபத்துல என் பேர் வரும்போது மட்டும் அம்மா குரல் உடையும்.

இதுக்கு மேல முடியல, அழுகை வந்துடுச்சு. பக்கத்து சீட் பொண்ணு தூங்கறா, ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் பல் தேய்க்கும்போது தோணுச்சு. டேனியலோட பழகி ஆறு மாசம், அவர்கிட்ட ஒரு தடவைகூட "முடியாது"ன்னு சொன்னதில்ல. சொன்னா எப்படி எடுத்துப்பார்? தெரியாது! சாம்பிளே பாக்காம மொத்த லாட்டையும் பாஸ் பண்ணியிருக்கேன். நல்ல குவாலிட்டி இன்சார்ஜ் போ.

அப்போ முதல்ல ஒரு "முடியாது" சொல்லிப் பாக்கணும். அதுக்கு முன்னாடி அவரை வில்லன் ஆக்கறதும் தப்பு. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தப்போ ரெண்டு நாள் பக்கத்துலயே இருந்தார். அந்த நன்றி சாகற வரைக்கும் இருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ரெண்டாவது ஓலை. தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாமாம். தெரிஞ்ச ஆள் நாலாவது பெஞ்சில், மல்லிப்பூ வச்சுக்கிட்டு.

டேனியலுக்கு போன் பண்ணிட்டேன். செவ்வாய் சாயந்திரம், மேற்கு தாம்பரம் ஜூஸ் கடை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொல்லிட்டேன். "மஸ்கட்டுக்கு நான் வரல. என் வேலை எனக்குப் பிடிச்சிருக்கு."

சிரிச்சார். "டென்ஷன் ஆகாத. கல்யாணத்துக்கப்புறம் பேசிக்கலாம்."

"இல்லங்க, இப்பவே பேசலாம்."

"சாத்துக்குடியில ஐஸ் போடச் சொல்லவா?"

"நான் வரமாட்டேன்னா என்ன செய்வீங்க?"

"வந்துடுவ. உன்னைத் தெரியாதா எனக்கு?"

"தெரியாதுங்க. நான் தெரியவிடல. இப்ப சொல்றேன், வரமாட்டேன்."

தலையாட்டிட்டு போனை எடுத்துப் பார்த்தார். கத்தியிருந்தாகூடப் பதிலுக்குப் பேசியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து ஏத்திவிட்டார், அதே சிரிப்போட.

ஆகஸ்ட் 13, புதன்

அவசரப்படறேனோன்னு ஒரு நாள் பொறுக்கலாம்னு இருந்தேன். காலை ஏழு மணிக்கு வாட்ஸப்பில் மஸ்கட் வீட்டு போட்டோ. "கிச்சன் பாரு, உனக்குப் பிடிக்கும்." அவ்வளவுதான், முடிவாயிடுச்சு.

லீவு போட்டேன். அம்மா இட்லி மாவு கரைச்சுக்கிட்டு இருந்தாங்க. "இந்தக் கல்யாணம் வேண்டாம்மா"ன்னேன்.

"கார்டெல்லாம் குடுத்தாச்சேடி! யார் மூஞ்சியில முழிப்பேன்?"

"போன மாசம் ஒரு லாட் ரிஜெக்ட் பண்ணேன்மா. பெயிண்ட் அடிச்சு, லாரியில ஏத்தினப்புறம். பெயிண்ட் அடிச்சாச்சேன்னு அனுப்ப முடியுமா?"

"என்னடி, என்னை பிராக்கெட்டுன்னு நினைச்சியா?" கரண்டி சிங்க்ல போய் விழுந்துச்சு. அம்மாவுக்கு அழுகை. ரொம்ப நேரம்.

அப்புறம் மெதுவா, "குடிக்கிறாரா? கை நீட்டினாரா?"

"இல்லம்மா. நல்லவர்தான். நான் சொல்றது அவர் காதுல விழல."

அம்மா ஹால் பக்கம் பார்த்தாங்க. அப்பா டி.வி.யை நிறுத்தினார். நியூஸ் நேரத்துல அவர் நிறுத்திப் பார்த்ததே இல்ல.

"அது சின்ன விஷயம் இல்ல"ன்னாங்க அம்மா. கையைத் துடைச்சாங்க. "ஆயர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். நாளைக்குன்னா எனக்கே புத்தி மாறிடும்." அப்பா சட்டையை மாட்டிக்கிட்டு கூடவே கிளம்பிட்டார்.

நான் டேனியலுக்கு போன் பண்ணி நேராச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். "விளையாடறியா?"ன்னார். மூணு தடவை சொன்னப்புறம்தான் போனை வச்சார். பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா மூச்சு விட முடியுது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வீட்லயே இருந்துடலாம்னு பார்த்தேன். அம்மா விடல. கல்யாணத்துக்குன்னு எடுத்த பட்டுச் சேலையையே கட்டிக்கிட்டு நின்னாங்க. "வாங்கினது வாங்கியாச்சு, கிளம்பு."

ஆயர் வேற ஒரு ஜோடிக்கு ஓலை வாசிச்சார். அடுத்து பெண்கள் ஐக்கியக் கூட்ட அறிவிப்புக்குப் போயிட்டார். சபையில் சலசலப்பு. எனக்குக் காதெல்லாம் சூடு.

பின்சீட்டு டீச்சர் குனிஞ்சு, "என்னக்கா, ஜெபா ஓலை வாசிக்கலையே? ஆயர் மறந்துட்டாரா?"

அம்மா திரும்பினாங்க. குரலைத் தாழ்த்தவே இல்ல.

"மறக்கல. என் பொண்ணு தடை சொன்னா. நாங்க கேட்டுக்கிட்டோம்."

அடுத்த பாட்டுல ஒரு வரிகூட எனக்குக் கண்ணுல தெரியல. அம்மாவுக்கு நன்றி சொல்லணும். நேர்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இங்க எழுதறேன்.