ஏரியில் நான் விட்ட படகு

ஜூலை 7, திங்கள்

வெயில். இரவிலும் புழுக்கம். கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். அம்மா இதைப் பிரிக்க மாட்டாள்.

சமூக அறிவியல் ப்ராஜெக்ட்: எங்கள் ஏரி. எல்லாருக்கும் குழு இருக்கிறது. அஸ்தினாபுரத்துக்குக் குடிவந்து ஒரு மாதம், என்னை யாரும் கூப்பிடவில்லை. தனியாகச் செய்யச் சொன்னார் மிஸ்.

"நெட்ல இருக்கறத மட்டும் எழுதுங்க. எங்கேருந்து எடுத்தீங்கன்னு கீழ போடணும்."

இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏரிக்கு மொத்தமே நான்கு வரி. மேலே 'தொகு' என்று ஒரு பொத்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாமாம். அம்மா போனில், என் முழுப் பெயரில் கணக்குத் தொடங்கினேன். ஐந்தாவது வரி நான் சேர்த்தது: 'முற்காலத்தில் இங்கிருந்து மக்கள் திருநீர்மலைத் தேருக்குப் படகில் சென்றனர்.' மொட்டைமாடியில் நின்றால் மலை புகைபோலத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே எழுதியது. பிறகு அதையே ப்ராஜெக்டில் காப்பி.

ஜூலை 8, செவ்வாய்

மிஸ் என் தாளை வாசித்தார். "படகாம்! பாருங்கப்பா, நமக்கே தெரியல."

மதியம் நிவேதா, "ஏய் புதுப்பொண்ணு, எங்க டீமுக்கு வரியா? தெர்மாகோல்ல போட் செய்யப் போறோம்." அஃப்ரின் தன் டப்பாவிலிருந்து பாதி முட்டை கொடுத்தாள். உப்பு அதிகம். முழுவதும் சாப்பிட்டேன்.

ஜூலை 9, புதன்

மழை. என் கணக்குக்கு ஒரு செய்தி. களஞ்சியத்தில் எழுதுகிற யாரோ. "வணக்கம். படகுத் தகவல் சுவையானது. எந்த நூலில் படித்தீர்கள்? மேற்கோள் தர இயலுமா?"

என்னைப் போய் 'நீங்கள்' என்கிறார்.

'வரலாறு' என்பதை அழுத்தினேன். எந்த வரி, எத்தனை மணிக்கு, யார் சேர்த்தது, எல்லாம் இருக்கிறது. என் முழுப் பெயர். நிவேதா ஒரு தடவை அழுத்தினால் போதும்.

1. பதில் போடாமல் இருப்பது.
2. ஏதாவது புத்தகத்தின் பெயர் சொல்வது.
3.

வெள்ளிக்கிழமை பள்ளியில் ப்ராஜெக்ட் கண்காட்சி. படகு கிட்டத்தட்டத் தயார், வெள்ளித்தாள் ஒட்டியாகிவிட்டது. நாளையும் சேர்ந்து சாப்பிடலாம் என்றாள் அஃப்ரின்.

அப்பா எழுந்திருக்கிறார். நிறுத்துகிறேன்.

ஜூலை 10, வியாழன்

பல் தேய்ப்பதற்கு முன்பே வரியை நீக்கினேன். 'நானாக எழுதியது. மன்னிக்கவும்.' மறுபடி நான்கு வரி.

பள்ளியில் முதலில் நிவேதாவிடம் சொன்னேன்.

"லூசா நீ? ரெண்டு நாளா கை வலிக்க வெட்டினோம். இப்ப வந்து சொல்ற?"

அஃப்ரின் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டாள். பிறகு மிஸ்ஸிடமும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமலே, "அந்தப் படக எடுத்துடுங்க" என்றார்.

மதியம் மாடிப்படி. எலுமிச்சை சாதம்.

மணி அடித்ததும் நிவேதா படகை என் பெஞ்சில் வைத்தாள். "உன் கதை, நீயே வெச்சுக்கோ." பைக்குள் நுழையவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

களஞ்சியத்தில் பதில்: "நன்றி." அவ்வளவுதான்.

படகு கட்டிலுக்கு அடியில். இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவில் நாலு பேர் பெயர். அதற்குக் கீழே யாரோ பென்சிலில் என் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். இனிஷியல்கூடச் சரியாக.