சின்ன ரப்பர் எந்தக் காதில்?

பெரிய காதுக்காரா, என் தம்பி குமார்,

அன்றைக்கு அந்த லொறி பின்னோக்கி வந்தபோது உன் காதில் இயர்போன் இருந்ததா? நாளைக் காலை விசாரணையில் என்னிடம் இதைத்தான் கேட்பார்கள். எனக்குப் பதில் தெரியாது. நான் அப்போது தலவாக்கலையில், பதினோராம் வகுப்புக்கு ஒலி அலைகள் நடத்திக்கொண்டிருந்தேன்.

தேயிலைத் தோட்டத்தில் மற்ற எல்லாருக்கும் பதில் தெரியும். "காதுல பாட்ட மாட்டிக்கிட்டு நடந்தா ஹோர்ன் எப்புடிக் கேக்கும்?" பஸ்ஸிலும் இதே பேச்சு, எனக்கு முன் இருக்கையில், நான் யாரென்று தெரியாமல். தொழிற்சாலை முற்றத்தில் கொழுந்து லொறி பின்னோக்கி வந்து உன்னை நசுக்கியது; குற்றம் உன் காதுடையது. மூன்று மாதத்தில் கதை இறுகிவிட்டது. உன் மனைவி சாந்தியே பாதி நம்பிவிட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

போன வாரம் சாந்தி உன் தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். அலுமாரியில் துணிக்கு அடியில் இருந்ததாம். உள்ளே உன் இயர்போன், வயர் வட்டமாகச் சுற்றியபடி. இரண்டு பக்கமும் ஒரே அளவு பெரிய கறுப்பு ரப்பர்.

"இதுதானே அண்ணி அவரோடது? அப்ப அடக்கத்தன்னைக்குப் பொட்டிக்குள்ள வச்சமே, அது யாரோடது?"

நான் அந்தக் கறுப்பு ரப்பர்களை விரலால் அழுத்திப் பார்த்தேன்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தது நினைவிருக்கிறதா? உன் இயர்போனைப் பார்த்து, மலிவான சாமான் மலிவான சத்தம்தான் தரும் என்றேன். உனக்குக் கோபம் வந்தது.

"இயர்போன் இல்லக்கா, இன்-இயர் மொனிட்டர். மேடையில பாடுறவங்க போடுறது. இப்ப நம்ம கைக்கு எட்டுற வெலையிலயும் வருது."

"பேர் பெரிசா இருக்கு."

"சத்தமும் பெருசுதான். மாட்டத் தெரியணும். எங்க, வாயத் தொறங்க. கிளாஸ்ல பிள்ளைகள வாய மூடுன்னுதானே சொல்லுவீங்க, இப்ப நீங்க தொறங்க."

வயரைக் காதுக்கு மேலாக வளைத்துவிட்டு, காது மடலை மேலே இழுத்து, லேசாகத் திருகி உள்ளே வைத்தாய். பாட்டு, தகரக் கூரையில் பெய்யும் மழை மாதிரிக் கேட்டது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய்.

"அடிச்சத்தம் வரல, இல்ல? காத்து போகுதுக்கா. ரப்பர் ஒங்க காதுக்குச் சேரல. கம்பெனிக்காரன் நடு அளவப் போட்டு அனுப்புவான், ஆளுக அதையே மாட்டிக்கிட்டு சவுண்டக் கூட்டிக் கூட்டி காதக் கெடுத்துக்குறாங்க. பெறகு செட்டு சரியில்லேன்னு இன்னொண்ணு வாங்குறாங்க."

பையிலிருந்த ரப்பர்களை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக மாற்றினாய். கடைசியில் இடது காதுக்கு நடு அளவு, சாம்பல் நிறம். வலது காதுக்குச் சின்னது, வெள்ளை. "ரெண்டு காதும் ஒரே அளவுன்னு யாருக்கா சொன்னா?" சட்டென்று மிருதங்கத்தின் இடப்பக்கம் என் தலைக்குள் விழுந்தது. சத்தத்தைப் பாதியாகக் குறைத்தும் எல்லாம் கேட்டது. இருபத்தைந்து வருடம் பௌதிகம் படிப்பித்தவள் நான். அடைப்பு இல்லாவிட்டால் தாழ்ந்த சுரம் கசியும் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். என் சொந்தக் காதில் அதை ஒரு நாளும் கேட்டதில்லை.

"பரவாயில்லை" என்றேன். அவ்வளவுதான் தந்தேன் உனக்கு.

"ஒங்களுக்கும் ஒரு செட்டு எடுத்து, இதே மாதிரி ரப்பர் மாட்டிக் கொண்டாறேன்" என்று எழுந்தாய். போகும்போது வாசலில் நின்று, கொழுந்து லொறி பின்னோக்கி வரும்போது அடிக்கிற பீப் செத்து ஆறு மாதம், சொன்னால் யாரும் கேட்பதில்லை என்றாய். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயா, இயர்போன் போட்ட ஒரு கடித உறையை என் கையில் தந்தார். "காதுல இருந்துச்சு டீச்சர். நானேதான் எடுத்தேன்." ஆசைப்பட்ட சாமானைச் சவப்பெட்டியில் வைப்பது நம்மவர்கள் வழக்கம். பாட்டுக் கேட்டுக்கொண்டே போகட்டும் என்று நானே உன் காதில் மாட்டினேன். வலது காதில் நிற்கவில்லை. வைக்க வைக்க விழுந்தது. இடதும் ஆடியது. செத்த உடம்பு ஏற்காது போலிருக்கிறது என்று நினைத்தேன். இப்படியும் ஒரு விஞ்ஞான ஆசிரியை. பக்கத்து லய வீட்டு மாரியாயி அக்காதான், "பாக்கெட்டுல வச்சிருங்க டீச்சர், அங்க போய் மாட்டிக்கிடட்டும்" என்றாள்.

சாம்பல் ஒன்று, வெள்ளை ஒன்று. என் கண் பார்த்தது. மலிவுச் சாமான், சோடி சேரவில்லை என்று என் மனம் சொன்னது.

உன் காதில் நிற்காத ஒன்று உன் காதில் இருந்ததாம், குமார். அது என் காதுக்கு நீ வாங்கிய செட்டு; உன் சட்டைப்பையில் இருந்திருக்கும். என்னிடம் வந்துகொண்டிருந்திருக்கும். அவர்கள் பொய்யைச் செய்தார்கள். அதை உடைக்கக்கூடிய ஒரே பொருளை நான் பூ வைத்து மூடிப் புதைத்தேன். தோண்டுவதற்குச் சாந்தி சம்மதிக்க மாட்டாள். நானும் கேட்க மாட்டேன்.

வேலை நேரத்தில் நீ ஒரு நாளும் பாட்டுக் கேட்டதில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. யாருக்காகவும் அப்படிச் செய்ததில்லை, உனக்காகவும் செய்ய மாட்டேன். ஆனால் இந்த வாக்கைத் தருகிறேன்: நாளைக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன், தெரிந்ததை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். ஹட்டனில் அதே மாதிரி ஒரு செட்டு வாங்கி, அதே இரண்டு ரப்பரையும் மாட்டி வைத்திருக்கிறேன். உன் டப்பாவும் வரும்.

மறுநாள் நடந்ததையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

விசாரணை தொழிற்சாலை மாடியில் நடந்தது. அதிகாரி மரியாதையானவர், சிங்களத்தில் கேட்டார், சிங்களத்தில் சொன்னேன். பிறகு டீமேக்கர் ஐயாவைத் தமிழில் கேட்டேன்.

"எந்தக் காதுல இருந்துச்சு ஐயா?"

"ரெண்டுலயும்தான்."

"சின்ன ரப்பர் எந்தக் காதுல?"

"ரப்பரையெல்லாம் யாரு பாத்தா டீச்சர்? ஆள் கெடந்த கெடயில!"

அதிகாரி நான் வாங்கிக் கொண்டுபோன செட்டைத் தானே மாட்டிப் பார்த்தார். அவருக்கும் உன்னைப் போலப் பெரிய காது. குனிந்தபோது வலது பக்கம் கழன்று கோப்பின் மேல் விழுந்தது. ஒரு கணம் சிரித்தார். பிறகு, அன்றைக்குக் கிடைத்த சாமான் எங்கே என்று கேட்டார். புதைத்துவிட்டேன் என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

அப்போது கீழே முற்றத்தில் கொழுந்து லொறி பின்னோக்கி வந்தது. பீப், பீப், பீப். புத்தம் புதிது. அறையில் எல்லாருக்கும் கேட்டது. டீமேக்கர் ஐயா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத எப்ப மாட்டுனீங்க?" என்று கேட்டேன். சத்தத்தில் எழுத முடியவில்லை என்று அதிகாரி ஜன்னலை மூடச் சொன்னார்.

"இறந்தவர் காதில் கருவி அணிந்திருந்ததாகத் தெரிகிறது" என்று முடித்திருந்த தாளை என் பக்கம் தள்ளினார்கள். நான் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன்.

இதில் மட்டும் போடுகிறேன்,
உன் அக்கா.