வடிவு அத்தையின் ஹார்லிக்ஸ்

என்னங்க,

உங்கள் அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டதை அவரிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு நீங்கள் துபாய் போய்விட்டீர்கள். நானும் ஒரு மாதமாக வயிற்றுப்புண் என்றே சமாளித்தேன்.

இன்று நசரத்பேட்டையிலிருந்து வடிவு அத்தை ஹார்லிக்ஸோடு வந்தார்கள். பதினைந்து வருடமாகத் தன் அண்ணனோடு, அதாவது உங்கள் அப்பாவோடு, பேசாதவர்கள். அவர்கள் கிளம்பியதும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"வெறும் புண்ணுக்கா இவ வருவா? டாக்டர் எத்தினி நாள்னு சொன்னாரும்மா?"

பாப்பா அழுகிறாள் என்று உள்ளே ஓடினேன். பாப்பா அவர் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும் சொன்னார்: "பேச்சு நிக்கறதுக்குள்ள உன் ஊட்டுக்காரனை வரச் சொல்லு. பாடை தூக்கறதுக்கு நம்ம கள்ளிக்குப்பத்துல ஆளுங்க நெறைய கீறாங்க."

டிக்கெட் போடுங்கள். மறுபடி கேட்டால் ஓடுவதற்கு நம் வீட்டில் வேறு அறை இல்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா