சும்மா போகிற பிள்ளை

இன்று காலை வேலி வாசல் கடப்பில் கட்டியிருக்கிற ஆட்டுமணிக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். கடற்காற்றில் துரு ஏறிச் சத்தம் அடைத்துப் போயிருந்தது. எண்ணெய்க் கையோடு ஒரு தரம் ஆட்டிப் பார்த்தேன். பழைய சத்தம் வந்தது. பக்கத்து வளவிலிருந்து "போயிட்டாளா கா?" என்று உன் குரல் வரும் என்று நின்றேன். வரவில்லை. நீ மவுத்தாகி ஒரு நோன்பும் கடந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம். என் எழுத்தைப் பார்த்து, "நண்டு நடந்த மாதிரி இரிக்கு" என்று சிரித்தவள் நீ. நண்டு நடக்கட்டும். உனக்கு எழுத எனக்கு வேறு எழுத்து இல்லை.

தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்த வருஷம்தான் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தோம். நம் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வீட்டுக்கு வருவார். அதுவரை நாங்கள் இருந்த உம்மாவின் வீட்டைத் தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்தார்கள். எனக்குத் தோணா வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் புது வீடு. புதுச் சுவர், புதுக் கிணறு, புதுக் கூரை. யாருக்கும் குறை இல்லை என்றுதான் நினைத்தோம்.

மகள் ஹைருனுக்கு அப்போது ஆறு வயது. கதைக்க மாட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அடுப்பில் பால் பொங்குவதை மட்டும் கண் எடுக்காமல் பார்ப்பாள். இந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே காணாமல் போகத் தொடங்கினாள். நான் சோறு வடித்துவிட்டுத் திரும்புவேன், கடப்பு திறந்து கிடக்கும். ஒவ்வொரு தரமும் தோணாக் கரையில்தான் யாராவது பிடித்து, கத்தக் கத்தத் தூக்கி வருவார்கள்.

எனக்கு யாரையும் நம்ப முடியவில்லை. கடப்புக் கொளுக்கியைக் கழற்ற அவளுக்கு எப்படித் தெரியும்? மீன்காரன் கழற்றி விடுகிறானா? இனிப்பைக் காட்டி யாரும் கூட்டிப் போகிறார்களா? பள்ளிவாசல் லெவ்வை வந்து பார்த்து, தண்ணீரில் இருக்கிற ஜின் கூப்பிடுகிறது என்று சொல்லிக் கழுத்தில் இஸ்முத் தாயத்துக் கட்டினார். இவளுடைய வாப்பா சந்தையில் கயிறு வாங்கி வந்தார். கட்டிலில் கட்டிப் போடுவோம், வேறு வழி இல்லை என்றார்.

அப்போதுதான் நீ வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாய்.

"என்னத்துக்குக் கா போறா?"

"சும்மாதான் போறா."

"சும்மாவா? ஒண்ட மாப்பிள்ளை கடைத்தெருவுக்குச் சும்மாவா போறாரு? சும்மா எண்டு ஒரு போக்கு இல்ல புள்ள."

நீ அப்படித்தான். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்க மாட்டாய். நீயே நெய்த சாரத்தையும் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விற்கக் கொடுப்பாய். "எல்லாரும் தோணாவில வச்சிப் புடிக்கிறாங்க. புடிக்காட்டி எங்க போவாள்? அத ஒருத்தரும் பாக்கல்லியே," என்றாய். கடப்பைத் திறந்து விட்டுப் பின்னால் போவோம் என்றும் சொன்னாய்.

பிள்ளையைத் தண்ணீர்க் கரைக்கு விடச் சொல்கிறாளே, இவளுக்கு என்ன வேண்டும் என்று உன்னையும் ஒரு கணம் சந்தேகமாய்ப் பார்த்தேன். உனக்கு அது தெரிந்தது. கோபிக்கவில்லை. "என்னையும் நம்பாத. பின்னால வந்து பாரு," என்றாய்.

அஸர் தொழுகைக்குப் பிறகு போனோம். ஹைருன் இங்கும் அங்கும் பார்க்காமல் நேரே நடந்தாள். கடைக்காரர் பிடிக்க எழும்பினார், நீ கையைக் காட்டி நிறுத்தினாய். தோணாக் கரையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடப் போன என் மணிக்கட்டை நீ இறுக்கிப் பிடித்தாய்.

"தொட்டா கைய முறிப்பன்."

அவள் தென்னங்குற்றிப் பாலத்தில் கால் மாற்றிக் கால் வைத்து அக்கரைக்குப் போனாள். உம்மாவின் வீட்டு வளவுக்குள் நுழைந்தாள். கிணற்றடியில் இருந்த பழைய சீமெந்துத் தொட்டியின் ஈரப் பக்கத்தில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "ம்ம்" என்று முனகினாள். பின்னேரத்தில் அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் அவளைக் குளிப்பாட்டுவேன். வீடு மாறினோம், தொட்டியை யார் நினைத்தோம்?

தங்கச்சி மாப்பிள்ளை வெளியே வந்தார். முகம் சரியில்லை.

"என்ன, புள்ளைய அனுப்பி வீட்டக் கேக்கிறீங்களா?"

"ராத்தா, இது எனக்கு எழுதித் தந்த வீடு," என்றாள் தங்கச்சியும். வீடே சீதனமான நம் ஊரில்தான் இப்படி நினைப்பு வரும்.

நீதான் கேட்டாய். "வீட்ட ஆரு கேட்டா? அவ தொட்டியத்தானே கேக்கா. தொட்டியையும் சீதனத்தில எழுதினீங்களா?"

தங்கச்சி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. பிறகு நாங்கள் போகும்போதெல்லாம், எதையும் தூக்கிப் போகிறோமா என்று வந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

அன்றிலிருந்து அஸர் முடிந்ததும் நாமே அவளைக் கூட்டிப் போனோம். கடப்பில் மணி கட்டியது நீ. வழியில் இருந்த எல்லோருக்கும் சொல்லி வைத்ததும் நீ: "கத்திப் புடிக்காதீங்க. கூட நடங்க. எங்களுக்கு ஆளனுப்புங்க." ஜின் பிடித்த பிள்ளை என்றவர்களே, "ஒங்கட மகள் தொட்டிக்குப் போறா, நான் கூடப் போறன்," என்று சொல்லி அனுப்பினார்கள். போவது அடியோடு நின்றது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது. போனாலும் எங்கே என்று தெரிந்தது. வாங்கி வந்த கயிறு கிணற்று வாளிக்குப் போனது.

பிறகு ஒருநாள் உன் தறிச் சத்தம் நின்றது. வந்து பார்த்தால் போர்த்திப் படுத்திருந்தாய். என்ன என்று கேட்டேன். "சும்மா காய்ச்சல்தான் கா," என்றாய்.

ஒருவருடைய சும்மாவையும் நம்பாத நீ சொன்னதால் நான் நம்பினேன். அந்தக் காய்ச்சலிலேயே நீ போனாய். ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டு போகவில்லை என்று உன் மாப்பிள்ளையிடம் கேட்டேன். ஊரடங்கில் பாதை பூட்டு என்றார். பாதை பூட்டுத்தான், ஓம். எல்லா நாளுமா பூட்டு? எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. இப்போது உன் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். அதையும் சும்மா அடிப்பாரா?

நேற்று அஸருக்கு முன்னமே மணி அடைத்த சத்தத்தில் கேட்டது. ஓடி வந்தேன். ஹைருன் தோணாப் பக்கம் போகவில்லை. உன் கடப்புக்குத் திரும்பி, மரத்தூணில் கன்னத்தை வைத்து, தறி இருந்த பக்கம் காதைக் கொடுத்து நின்றாள். உன் மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார்.

"என்ன, சும்மா வந்தீங்களா?"

"சும்மா இல்ல," என்றேன்.

அவளாகத் திரும்பும் வரைக்கும் நான் பின்னால் நின்றேன். கையை நீட்டவில்லை. தொட்டால் முறிப்பேன் என்றவள் நீதானே.