மாமாவின் நெஞ்சில் ஒரு திருட்டு லைன்

பேரும் புகழும் பெருங்கோபமும் கொண்ட என் அக்கா மகளுக்கு,

மூன்று உலகத்துக்கும் ஒயரிங் செய்து களைத்த உன் மாமா எழுதுவது. நலம். நம்ப மாட்டாய், இந்த முறை நிஜமாகவே நலம்.

என் பேச்சுக்கு இந்த வீட்டில் என்ன மரியாதை என்று உனக்குத் தெரியும். நெஞ்சுக்குள் குதிரைப்படை ஓடுகிறது என்றேன். உன் அத்தை, "நேத்து கடையில யானை அளவு எலியப் பார்த்தேன்னீங்களே, அதுதான் உள்ள ஓடுது" என்றாள். உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். இ.சி.ஜி. எடுக்கப் போனபோதெல்லாம் அந்தக் குதிரைகள் லாயத்தில் படுத்துத் தூங்கின. ஏணியில் நின்று ஃபேன் மாட்டும்போது கண் இருட்டி விழப் பார்த்தேன். அதையும் கதை என்றார்கள். அவ்வளவு தூரத்தில் இருந்து ஃபோனில் கேட்ட நீ மட்டும் சிரிக்கவில்லை. "மாமா, இது நீங்க அளக்கிறது இல்ல. இதயத்துக்குள்ள போய் கரண்ட் எப்படி ஓடுதுன்னு பார்க்கிற டெஸ்ட் இருக்கு, கேளுங்க" என்றாய்.

கேட்டேன். செய்தார்கள். முந்தின இரவிலிருந்து பட்டினி. படபடப்புக்கு விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரையை, டெஸ்ட் செய்யும் டாக்டரம்மா சொன்னபடி முன்பே நிறுத்தியாயிற்று. குதிரை மயங்கிக் கிடந்தால் பிடிக்க முடியாதாம். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அந்த வழியாக ரத்தக்குழாயில் மெல்லிய ஒயர்களை இதயம் வரை விட்டார்கள். என் வாழ்நாளில் நான் இழுத்த ஒயர் நிலாவை ஏழு சுற்றுச் சுற்றும். இவ்வளவு பதவிசாக ஒருநாளும் இழுத்ததில்லை. எனக்கு அரைத் தூக்கம். வலி இல்லை, லேசான அழுத்தம்தான்.

பிறகு வேண்டுமென்றே குதிரைகளைத் தட்டி எழுப்பினார்கள். எழுப்பினால்தானே எந்த வழியாக ஓடுகின்றன என்று தெரியும்! குதிரைகள் பிய்த்துக்கொண்டு ஓடின. ஆனாலும், "ஒண்ணும் இல்லம்மா, ஜம்முன்னு இருக்கேன்" என்றேன். ஆயுசு முழுக்க அளந்தவன், உள்ளதைச் சொல்ல வேண்டிய இடத்தில் வீராப்புப் பேசினேன் பார். டாக்டரம்மா, "ஐயா, இங்க திரையில ஓடுது. வீட்டுல வர்றதும் இதுதானா? அத நீங்கதான் சொல்லணும்" என்றார். "இதேதாம்மா, இதேதான்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தால் இல்லை. நான் சொன்ன குதிரையை ஒரு மனுஷி கண்ணால் பார்த்துவிட்டாள்.

பிறவியிலேயே இதயத்தில் ஒரு கூடுதல் பாதையாம். ஊரில் உள்ள திருட்டு லைனையெல்லாம் பிடுங்கி எறிந்தவன் நெஞ்சிலேயே ஒன்று! அதே மேஜையில், ஒயர் நுனியால் சூடு வைத்து அதைத் துண்டித்துவிட்டார்கள். அப்புறம் காலை மடக்காமல் மணிக்கணக்கில் படுக்கை. தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப அந்த எலியும் நிஜமாங்க?" என்று கேட்டாள்.

உன்னால் பிழைத்தேன், தாயே. ஒன்று மட்டும் சொல்கிறேன். போன வாரம் படியேறும்போது நெஞ்சு படபடத்து உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாய். "வேலை டென்ஷன் மாமா" என்று பேச்சை மாற்றினாய். உன் வீட்டுக்காரர்கூடச் சிரித்தாராம். நான் சிரிக்கவில்லை. டாக்டரிடம் காட்டு. இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்று அனுப்பினால், இந்த டெஸ்ட் வேண்டுமா என்று நீயே கேள். அவர்கள் கேட்கும்போது ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

ஆயிரம் வருஷம் நன்றாக இரு. ஒரு நாள் குறைந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதில் நான் கூட்டிச் சொல்லவில்லை, கண்ணு.

நீ சொன்னதை நம்பும்
மாமா